பகா எண் மாப்பிள்ளை

வேங்கிக்கால் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மாவும் மகளும். பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி தாய்மாமன். அவர் பேச ஆரம்பித்ததும் என் காது அங்கேயே ஒட்டிக்கொண்டது.

“அக்கா, இந்த மாப்பிள்ளை வேணாம். அவர் போன் நம்பர் பகா எண். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டேன். ஒன்னாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் வகுபடாது.”

“அதனால என்னடா? ஜாதகம் பொருந்திடுச்சே!”

“பிடிவாதம் ஜாஸ்தியா இருக்கும்க்கா. யார் போய் வகுத்தாலும் மீதி நிக்கும்.”

“சொத்தைத்தான் பாகம் பிரிப்பாங்க. மாப்பிள்ளையை ஏன்டா வகுக்கிற?”

ஜன்னல் பக்கம் பார்த்திருந்த மகள் திரும்பினாள். “மாமா, என் நம்பரும் பகா எண்தான். நேத்தே பாத்துட்டேன்.”

மாமனுக்கு முகமே வெளுத்துப்போச்சு. “ஐயோ, அப்ப ரெண்டுக்கும் பொதுவா வகுக்கிறது ஒன்னே ஒன்னுதானேம்மா!”

“அந்த ஒன்னு போதும் மாமா. நீங்க போய் மண்டபத்தைப் பாருங்க.”