முளைப்பாரி அறைக்குள் நான் போனது

என் பெயர் செல்லமுத்து, வயது 58, தகப்பனார் பெயர் ஐயனார். அறந்தாங்கி வட்டம், மேலக்குடியிருப்பில் விவசாயம் செய்து வருகிறேன். என் மகன் வசந்தகுமார் சவுதியில் வேலை பார்க்கிறான். மருமகள் இலக்கியா என் வீட்டில் இருக்கிறாள்.

எங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கும் சரவணக்குமார் என் மகனோடு படித்தவன். நடையும் பேச்சும் பெண்பிள்ளை மாதிரி இருப்பதால் ஊரில் அவனைப் பொட்டை, பொண்டுகன் என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவன் சிரித்துவிட்டுப் போவான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அளவெடுக்க வீட்டுக்கு வந்தால் தடுத்ததில்லை, இவனால் என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன்.

இந்த வருடம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியதும் எங்கள் தெருச் சொர்ணம் வீட்டு அறையில் முளைப்பாரி போட்டார்கள். அந்த அறையை ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது. ஆனால் கும்மிப் பாட்டு எடுத்துக்கொடுக்கப் பெண்களே சரவணக்குமாரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு மருமகள் தினமும் சிரித்த முகமாக வீடு திரும்பினாள். மகன் விமானம் ஏறியதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று இத்தனை நாள் ஏமாந்தேனே, அவன் போடுவது வேஷம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். சாத்திய கதவுக்குள் அவன் பாட்டும் பெண்கள் சிரிப்பும் கேட்டன. அதன் பிறகு கதவைத் தள்ளி உள்ளே போய், அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கையில் இருந்த கம்பால் அடித்தேன். அவன் முளைப்பாரிச் சட்டிகள் மேல் விழுந்ததில் வலது கை முறிந்தது. அவன் என்னைத் திருப்பி அடிக்கவில்லை. மருமகள், "மாமா, வெளிய போங்க, ஆம்பளை வரக்கூடாது" என்று கத்தினாள். அவன் மட்டும் ஆம்பளை இல்லையா என்று கேட்டேன். அதற்குச் சொர்ணம், "நேத்து வரைக்கும் இல்லைன்னுதானே சொன்னீங்க" என்றாள்.

அதன் பிறகு போலீசார் என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள். இங்கே இருக்கும்போது மகன் போன் செய்தான். அவன் அங்கே டிரைவர் என்று ஊரில் நான் சொல்லிவைத்திருக்கிறேன். "நான் இங்க ஒரு வீட்ல சோறாக்கி, துணி தொவைச்சுத்தான் ஒங்களுக்குப் பணம் அனுப்புறேன். அது சரவணனுக்கு ஆரம்பத்துலயே தெரியும். நீங்க அத்தனை பேர் முன்னாடி பொட்டைன்னப்பகூட அவன் வாயத் தொறக்கலை. அப்ப எனக்கு என்ன பேருப்பா?" என்று கேட்டான்.

இதை எழுத வேண்டாம் என்று வாக்குமூலம் எழுதும் ஏட்டம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். சொன்னதை எல்லாம் எழுதத்தான் வேண்டும் என்றார்கள்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஐ. செல்லமுத்து