இன்னும் நாலு மணி நேரக் கவலை

ஹலோ... ஆமா, பாஸ்டர் ஹெஸ்டர்தான் பேசறேன். சொல்லுங்க ஆரின் அண்ணே... நாலு மணிக்குத்தானே வரப்போறீங்க, இப்பவே என்ன போன்?... ம்... ம்... வரலையா? ஏன், என்னாச்சு?... சாறு இறங்குதா. சரி, மார்ச்னா மேப்பிள் மரம் சும்மா இருக்குமா. அதப் பாகாக் காய்ச்சி முடிச்சிட்டு அடுத்த வியாழக்கிழமை வாங்க... இனிமே வரவே வேண்டாமா?

என்ன அண்ணே சொல்றீங்க... நல்லாத் தூங்கறீங்களா... பால் கறக்கும்போது சீட்டி வேற அடிக்கிறீங்களா... சந்தோஷம் அண்ணே. ரொம்பச் சந்தோஷம்... இல்லையே, என் குரல் நல்லாத்தானே இருக்கு... ஆமா, ஆமா, சந்தோஷமாத்தான் சொன்னேன்.

ஆனா கொஞ்சம் அவசரப்படறீங்களோன்னு... சுகம்கிறது ஒரே நாள்ல வராது பாருங்க. ஒரு நாலு வாரம் பொறுத்து, மெதுவா... ஏன் நாலா? சும்மா சொன்னேன். ஒரு கணக்குக்கு.

...

சரி அண்ணே, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. என் மேஜைக்குப் பின்னாடி சுவத்துல ஒரு காகிதம் தொங்குதில்ல?... பைபிள் வசனம் இல்ல அண்ணே, அதுக்குப் பக்கத்துல, 'தற்காலிகம்'னு சிவப்புல போட்டிருக்கே... ஆங், அதுதான் என் லைசென்ஸ். நான் இன்னும் பயிற்சி மனநல ஆலோசகர்தான். ஆயிரத்தைந்நூறு மணி நேரம் ஜனங்க கூட உக்காந்தாத்தான் வாரியம் நிரந்தர லைசென்ஸ் தரும். நாலு மணி நேரம் குறையுது. இந்த மாசம் முப்பத்தொண்ணாம் தேதியோட காகிதம் செத்துப்போயிடும். ஒரு தடவைதான் புதுப்பிக்கலாம், அதையும் பண்ணியாச்சு. விட்டா மறுபடியும் ஒண்ணுல இருந்து எண்ணணும்... வேற யாரு வர்றா? சபை வாசல் கடைத்தெருவப் பாத்து இருக்கு. இந்த ஊர்ல பைத்தியம் பிடிச்சாக்கூட பின்வாசல் இருந்தாத்தான் வருவாங்க. எனக்கு மிச்சம் நீங்க ஒருத்தர்தான்.

இல்ல இல்ல, பொய் சொல்லச் சொல்லல. நான் பாஸ்டர். உள்ளபடியே ஏதாவது கவலை மிச்சம் இருக்கான்னுதான் கேக்கறேன். உங்க தம்பி லெமுவேல் இருக்காரே, பதினோரு வருஷமா வேலித் தகராறு. இன்னும் பேச்சு வார்த்தை கிடையாதுதானே?... பக்கத்துலதான் நிக்கிறாரா? உங்க கூட பாகு காய்ச்சறாரா?... எப்ப சமாதானம் ஆனீங்க?... மான் வேட்டையிலயா.

அண்ணே, மான் வேட்டை நவம்பர்ல இல்ல?

...

அப்ப டிசம்பர் முழுக்கத் தம்பி, தம்பின்னு புலம்பினது?... பழைய புலம்பலா. ஜனவரியில அழுதீங்களே, என் டப்பாவுல இருந்த டிஷ்யூ பேப்பரெல்லாம் தீந்துபோச்சே?... ஜலதோஷமா. அத நான் 'பெரிய திருப்பம்'னு ரெண்டு பக்கம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியிருக்கேன்.

பின்னே எதுக்கய்யா நாலு மாசம் வந்தீங்க?... என்னது?... எனக்காகவா?...

...

என் வீட்டுக்காரர் எட்வின் என்னை விட்டுட்டு ஃபுளோரிடாவுக்குப் பெட்டியத் தூக்கிட்டுப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொல்லல... ஊருக்கே தெரியுமா... ஓஹோ. புருஷன் பொண்டாட்டி சண்டைய நான் தீத்து வைக்கிற அழகு ஊருக்கே தெரிஞ்சிருக்கு... இல்ல, அழல. எனக்கும் ஜலதோஷம்.

கணக்குல அப்படியே எழுதிக்கன்னா எப்படி? நவம்பர்ல இருந்து வாரம் ஒண்ணாப் பதினாறு மணி நேரம் அண்ணே. அது நீங்க சிகிச்சைக்கு வந்த நேரம் இல்லையே... வாரியத்துக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இருங்க, பேனாவ எடுத்துக்கறேன்... அந்தப் பதினாறையும் அடிச்சிட்டேன். அவ்வளவுதான். நாலு குறைஞ்சது இப்ப இருபது. தலைக்கு மேல வெள்ளம், சாண் என்ன முழம் என்ன.

மன்னிப்பெல்லாம் எதுக்கு. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. லைசென்ஸ் இல்லாம நாலு மாசம் ஒரு பொம்பளைக்கு வைத்தியம் பாத்திருக்கீங்க. சட்டப்படி நான் உங்க மேல வாரியத்துக்குப் புகார் எழுதணும்... சிரிக்காதீங்க. லெமுவேலையும் சிரிக்க வேண்டாம்னு சொல்லுங்க.

சரி, வச்சிடட்டுமா?... என்ன?... கேக்கல, சாறு கொதிக்கிற சத்தம்தான் கேக்குது. இன்னொரு தடவ சொல்லுங்க.

நான் எப்படி இருக்கேனா?

...

அது நான் கேக்க வேண்டிய கேள்வி அண்ணே. ஆயிரத்தைந்நூறு மணி நேரத்துல அத என்னை யாரும் கேட்டதே இல்ல... இல்ல, இருக்கேன், லைன்லதான் இருக்கேன்...

நல்லா இல்ல அண்ணே. நல்லாவே இல்ல.

... ம்... ம்... சரி. மணி நாலாகப் பத்து நிமிஷம் இருக்கு. கோட்ட மாட்டிக்கிட்டு நானே அங்க வரேன். அடுப்ப அணைச்சிடாதீங்க.