இரவல் மான்ஸ்டர்

என் பெயர் அனுஜா, தகப்பனார் பெயர் சற்குணம், வயது முப்பத்தாறு, பினாங்கு ஆயர் ஈத்தாமில் வசிக்கிறேன். காப்புறுதி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. வார இறுதிகளில் மான்ஸ்டர் சண்டை வீடியோ கேம் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். இதற்குச் சம்பளம் கிடையாது, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் உண்டு.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ்டவுன் பேரங்காடி ஒன்றில் நடந்த இறுதிச் சுற்றில் யுகேந்திரனும் குணாளனும் மோதினார்கள். வெல்பவர் பினாங்கு சார்பில் கோலாலம்பூர் போட்டிக்குப் போவார். யுகேந்திரன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஒரு மான்ஸ்டரை வளர்த்தெடுக்க வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அதனால் எங்கள் ஆட்டக்காரர்கள் போட்டிக்கு முன் ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பது வழக்கம். வாங்கியதைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள், கொடுத்தவரைச் சந்தேகப்பட்டது போல் ஆகிவிடும்.

இறுதிச் சுற்றில் யுகேந்திரன் வென்றார். உடனே குணாளன், எதிராளியின் நெருப்பு மான்ஸ்டர் விளையாடிப் பிடித்ததல்ல, மென்பொருளில் செய்தது என்று எதிர்ப்புத் தெரிவித்தார். நான் சோதித்தேன். அது பிடிபட்ட இடமாக கேம் பதிவு காட்டிய குகையில் அந்த இனமே கிடையாது. ஆகவே அது போலி.

அப்போது யுகேந்திரன், "அண்ணே, இத நீங்கதானே போன வாரம் எனக்குக் குடுத்தீங்க?" என்றார்.

"குடுத்தேன்லா. செக் பண்ணிட்டுப் போடணும்னு உனக்குத் தெரியாதா?" என்றார் குணாளன்.

விதிப்படி பயன்படுத்தியவரே பொறுப்பு, கொடுத்தவரைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை. மான்ஸ்டர்களின் பலத்தைச் சமமாக்க எங்களிடம் பக்கம் பக்கமாக விதி இருக்கிறது. வளர்க்க நேரம் உள்ளவரையும் இல்லாதவரையும் சமமாக்க ஒன்றும் கிடையாது. நான் யுகேந்திரனைத் தகுதி நீக்கம் செய்தேன்.

முடிவுத் தாளில் நான் கையெழுத்திடும் வரை யுகேந்திரனும் குணாளனின் மான்ஸ்டர்களைச் சோதிக்கச் சொல்லியிருக்கலாம். கேட்டால்தான் சோதிக்க முடியும், நடுவர் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எனக்கு வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். பேனா எங்கே என்று தேடுவது போல் நேரம் கடத்தினேன். அவர் கேட்கவில்லை. எழுந்து போய்க் குணாளன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அதன் பிறகு காவலாளி வந்து விலக்கிவிட்டார்.

முதலில் கை நீட்டியது யார் என்று போலீசில் நீங்கள் கேட்கிறீர்கள். யுகேந்திரன்தான். குணாளன் திருப்பி அடிக்கவில்லை. பயன்படுத்தியது யார் என்று விதி கேட்டபோதும் நான் இதே பெயரைத்தான் சொன்னேன். அங்கே கேட்காததைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. இங்கே சொல்லியிருக்கிறேன். அந்த மான்ஸ்டரைக் கொடுத்தது குணாளன். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அந்த வரியை நீக்கிவிட வேண்டாம்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே, இதில் பொய் இல்லை.

(கையொப்பம்)
ச. அனுஜா