மூன்றாம் மாடிக்கு வராத சனல்

— அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. இந்தப் பல்கணி டிஷ்ஷிலை நீங்கள் கை வைச்சனீங்களோ?

— ஏன் சில்வெஸ்டர், என்ன பிழை?

— இது இப்ப வானத்தைப் பாக்கேல்லை. எதிர்வீட்டு ஜேர்மன்காரியின்ரை குசினியைப் பாக்குது.

— கொஞ்சம் திருப்பினனான். கண்டியோ, படம் வராட்டி ஒரு விரல் அங்காலை, ஒரு விரல் இஞ்சாலை திருப்பினால் வரும். எங்கடை சனம் முழுக்க அப்பிடித்தானே செய்யிறது.

— ஓம், எங்கடை சனம் திருப்பித் திருப்பித்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. மற்றச் சனல் எல்லாம் வந்ததோ, நீங்கள் திருப்ப முதல்?

— எல்லாம் வந்தது. ஒண்டே ஒண்டுதான் வரேல்லை. இப்ப ஒண்டுமே வரேல்லை. மனுசி சிசிலிக்கு வத்திக்கான் பூசையும் வரேல்லை. அதுக்கும் என்னைத்தான் பேசுறாள்.

— பொறுங்கோ, நேராக்கிறன். மூண்டு மாடி ஏறி வந்தது நெஞ்சுக்குள்ளை இன்னும் நிக்குது. இந்த லிஃப்ற் எப்ப திருத்துவாங்களாம்?

— கேக்காதை. இந்த ஹம் நகரத்திலை ஒரு லிஃப்ற் பழுதாப் போனால் பழுதாப் போனதுதான். நீ என்ன அடிக்கடி கீழை எட்டிப் பாக்கிறாய்?

— வானை நிப்பாட்டின இடம் அவ்வளவு சரியில்லை.

— எஞ்சின் வேறை ஓடுதுபோலை கிடக்கு. டீசல் என்ன உனக்குச் சும்மா வருதோ?

— ஹீற்றர் போட்டு விட்டிருக்கிறன் அண்ணை. உள்ளுக்கை குளிர் படக்கூடாத சாமான். காலமை டுசில்டோர்ஃபிலை ஏத்தினது. சரி, எந்தச் சனல் வேணும்?

— அது... அமெரிக்காச் சனல் ஒண்டு. காசு கட்டிப் பாக்கிறது. விளையாட்டு.

— என்ன விளையாட்டு?

— கிரிக்கெற்.

— அமெரிக்காச் சனலிலை கிரிக்கெற்றோ?

— ஏன், அவங்கள் இப்ப விளையாடுறாங்கள்தானே.

— நம்பரைச் சொல்லுங்கோ பாப்பம். ... அண்ணை, இது கொலிச் சனல். அங்கத்தைக் கொலிச் பிள்ளையள் தங்களுக்குள்ளை விளையாடுறது. கூடைப்பந்து, கைப்பந்து, பொம்பிளைப் பிள்ளையளின்ரை உதைபந்து. கிரிக்கெற் மருந்துக்கும் இல்லை.

— கத்தாதை. சிசிலி குசினியிலை நிக்கிறாள்.

— நான் கத்தேல்லையே.

— அந்தக் கதவைச் சாத்து. ... இஞ்சை பார் சில்வெஸ்டர், நீ தெரிஞ்ச பெடியன் எண்டபடியால் சொல்லுறன். உன்ரை வாயோடை இருக்கோணும். விளங்குதோ?

— சொல்லுங்கோ.

— யூலியா அதிலை வருவாள்.

— உங்கடை மகளோ? நீங்கள் அவளோடை கதைக்கிறேல்லை எண்டெல்லோ எசன் நகரத்திலை எங்கடை சனம் சொல்லுது.

— கதைக்கிறேல்லைத்தான். ஆர் கதைக்கிறான் எண்டது? பாக்கிறனான். கதைக்கிறது வேறை, பாக்கிறது வேறை. போன வருசம் அவளின்ரை கொலிச்சிலை அவளை உதைபந்துக் கோல்கீப்பரா விட்டவங்கள். ஞாயிற்றுக்கிழமையிலை சிசிலிக்குப் பின்னேர வேலை, முதியோர் இல்லத்திலை. அவள் அங்காலை போக, நான் இஞ்சாலை சனலைப் போட்டிடுவன். ஒரு மாச்சும் விடேல்லை.

— சனலுக்கு ஆர் காசு கட்டினது?

— கிரிக்கெற் பாக்க எண்டு சொல்லி சிசிலியைக் கொண்டுதான் எடுப்பிச்சனான். எல்லாம் அவளின்ரை பேரிலைதான். ஜேர்மனிலை வடிவாக் கதைப்பாள். என்ரை ஜேர்மன் பண்டசாலையிலை பெட்டி தூக்கிற அளவுக்குத்தான்.

— உண்மையைச் சொன்னால், அக்காவுக்குச் சொல்லிப்போட்டே பாத்திருக்கலாம்.

— எப்பிடிச் சொல்லுறது? அவளுக்கு முன்னாலை வைச்செல்லோ பிள்ளைக்குச் சொன்னனான். சேமிப்பு வங்கியிலை அவுஸ்பில்டுங், வேலை பழகிற இடம் கிடைச்சிருந்தது. நான் லண்டன், கனடா எல்லா இடமும் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன், என்ரை மகள் வங்கியிலை எண்டு. அவள் வந்து சொல்லுறாள், அப்பா, பந்து பிடிக்க அமெரிக்காவிலை ஒகையோ போறன், படிப்புச் செலவு முழுக்க அவங்கள் பாப்பாங்கள் எண்டு. எனக்கு விசர் வந்திட்டுது, பந்து பிடிச்சுக் கை கால் முறிஞ்சுதான் வந்து நிப்பாய் எண்டு கத்தினனான். இந்த வாசலாலை போனால் போனதுதான், திரும்பி இந்தப் படி ஏறக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்.

— அவள் போட்டாள்.

— ஓம். உந்த இடத்திலை, நீ நிக்கிற இடத்திலைதான் நிண்டனான், அவள் பெட்டியோடை இறங்கேக்கை. உள்ளுக்குப் போகேல்லை. எங்கடை வீட்டிலை ஆர் தூரப் பயணம் போனாலும் நான் நெத்தியிலை சிலுவை போட்டுத்தான் விடுறது. அண்டைக்குப் போடேல்லை.

— ம்.

— இப்ப என்ன செய்யிறாள் தெரியுமோ? மாச் துவங்க முதல் கோலுக்கை நிண்டு, கையுறையைக் கழட்டிப்போட்டுத் தன்ரை பெருவிரலாலை தன்ரை நெத்தியிலை தானே போடுறாள். ஒவ்வொரு மாச்சிலையும். கமரா கிட்டப் போய்க் காட்டும். அது நான் போட வேண்டிய சிலுவை.

— அப்ப போன் எடுத்துக் கதைக்க வேண்டியதுதானே.

— நீ டிஷ்ஷைப் பார்.

— டிஷ் சரி. வத்திக்கான் வந்திட்டுது. உங்கடை சனல் இன்னும் கறுப்பு. எப்ப நிண்டது?

— ஓகஸ்ற் முடியேக்கை. சரியா இந்த வருச மாச் துவங்கிற நேரம். கறுப்பா வந்து, நடுவிலை ஜேர்மனிலை நீளமா ஏதோ எழுதிக் கிடந்தது. பேச்சுவார்த்தை நடக்குதாம், பொறுத்திருக்கட்டாம்.

— அது தெரியும். சனல்காரனுக்கும் சற்றலைட் கொம்பனிக்கும் கொழுவல். சனல்காரன் ஒவ்வொரு வீட்டுக்கும் கூடத் தா எண்டவன். கொம்பனி சொன்னது, இதை இஞ்சை ஆர் பாக்கினம், இருந்தாலென்ன போனாலென்ன எண்டு.

— ஹம்மிலை ஒருத்தன் பாக்கிறான் எண்டு போய்ச் சொல்லு.

— நீங்கள் சொல்லேல்லையோ?

— போன் அடிச்சனான். ஜேர்மன்காரரோடை போனிலை கதைக்கிறதெண்டால் எனக்கு வேர்க்கும், அப்பிடியும் அடிச்சனான். அந்தப் பிள்ளை கேக்குது, வேறை எத்தினை விளையாட்டுச் சனல் இருக்கு, ஏன் உங்களுக்கு இதுதான் வேணும் எண்டு. மகள் விளையாடுறாள் எண்டு சொல்ல வாய் வந்தது. சிசிலி பக்கத்து அறையிலை உடுப்பு மடிக்கிறாள். பேந்து இன்னொருக்கா அடிச்சன். அபோ, அதுதான் சந்தா, உங்கடை பேரிலை இல்லை, உங்களோடை கதைக்க ஏலாது எண்டு வைச்சிட்டினம்.

— அண்ணை, அந்தக் கொழுவல் முடிஞ்சுபோச்சு.

— என்ன?

— செப்ரெம்பரிலையே முடிஞ்சுது. எசனிலை என்ரை வாடிக்கைக்காரர் எல்லாருக்கும் சனல் திரும்ப வந்திட்டுது.

— அப்ப என்ரை வீட்டுக்கு மட்டும் ஏன் வரேல்லை? அதுதானே சொல்லுறன், டிஷ் பிழை.

— டிஷ்ஷிலை பிழையில்லை. இப்ப கறுப்பிலை என்ன எழுதிக் கிடக்கு, வாசிச்சுப் பாத்தனீங்களோ?

— முதல் நீளமாக் கிடந்தது. இப்ப கட்டையாக் கிடக்கு. கறுப்பு கறுப்புத்தானே.

— கட்டையாக் கிடக்கிறது வேறை கதை. இந்தச் சனல் உங்கடை அபோவிலை இல்லை எண்டு போட்டிருக்கு. ஆரோ நிப்பாட்டியிருக்கினம்.

— கொம்பனி நிப்பாட்டிப் போட்டுதோ?

— கொம்பனி தானா நிப்பாட்டாது. பேருக்குரிய ஆள் சொன்னால்தான் நிப்பாட்டும்.

— பேர் சிசிலியின்ரை...

— அதைத்தான் சொல்லுறன்.

— அவளுக்கு ஏன்... கிரிக்கெற்றுக்குக் காசு வீண் எண்டு நிப்பாட்டியிருப்பாள். ஐயோ, நான் அதைக் கேக்கவும் ஏலாது.

— அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. யூலியா நாளைக்குத் திரும்பி வந்தால் என்ன செய்வியள்?

— ஏன் வாறாள்? அவளுக்கு அங்கை என்ன குறை?

— சும்மா கேக்கிறன். வந்தால்?

— சொன்னது சொன்னதுதானே. ஒரு மனுசன் சொன்ன சொல்லை எப்பிடி வாய்க்குள்ளை திரும்பப் போடுறது? ... முதல் அவள் இந்தப் படி ஏறி வரட்டும். வந்து வாசலிலை நிக்கட்டும். பேந்து பாப்பம்.

— ஏறி வந்தால் கதவைத் திறப்பியளோ?

— படி ஏறி வாற பிள்ளைக்கு ஆராவது கதவைச் சாத்துவானோ, விசரா?

— சிசிலியக்கா, கேட்டதே? இனி வாங்கோ.

— கேட்டது. கதவுக்குப் பின்னாலைதான் நிக்கிறன். இந்தா சில்வெஸ்டர், தேத்தண்ணி. ஆறிப்போச்சு, குடி. இஞ்சேருங்கோ, சனலை நிப்பாட்டினது நான்தான்.

— ஏன் சிசிலி? கிரிக்கெற்றுக்குக் கொஞ்சக் காசுதானே.

— இன்னும் கிரிக்கெற்றோ? ஞாயிறு வேலை முடிஞ்சு வந்தால் ரீவி சுடும். சனல் நம்பர் அதே நம்பர். கிரிக்கெற் பாக்கிற மனுசன் நித்திரையிலை, "வெளியிலை வா பிள்ளை, பந்தைக் குத்து" எண்டு கத்துறேல்லை.

— நீர் எப்பவிருந்து...

— துவக்கத்திலையிருந்து. நான் வேலையிடத்திலை ஒழிச்சுப் போனிலை பாக்கிறனான். தாய்தேப்பனுக்கு எண்டு அவளின்ரை கொலிச் வழி செய்து குடுத்திருக்கு. நீங்கள் இஞ்சை எனக்கு ஒழிச்சு, நான் அங்கை உங்களுக்கு ஒழிச்சு. ஒரு மாச்சை ரெண்டு பேரும் பாத்துப்போட்டு, வீட்டை வந்து சோறு சாப்பிட்டுப் படுத்தனாங்கள்.

— அப்ப சொல்லியிருக்கலாமே சிசிலி.

— சொன்னால் வீம்புக்குப் பாக்கிறதை விட்டிடுவியள். எனக்கு உங்களைத் தெரியாதோ? நீங்கள் பாக்கிறது எனக்கு ஒரு நிம்மதியா இருந்தது.

— நிம்மதியா இருந்தவ ஏன் நிப்பாட்டினனீர்?

— கொழுவல் முடிஞ்சு சனல் திரும்பி வாற கிழமைதான் நிப்பாட்டினனான். அந்த ஞாயிறு நீங்கள் போட்டிருந்தால், கோலுக்கை வேறை பிள்ளை நிண்டிருக்கும்.

— ஆர், அந்த நெட்டைப் பெட்டையோ? உயரப் பந்துக்கு வெளியிலை வரமாட்டாள், பயந்தவள். அவளை ஏன் விட்டவங்கள்? இவள் எங்கை?

— இவள் முதல் மாச்சிலையே விழுந்திட்டாள். பந்துக்குப் பாஞ்சு, கால் திரும்பி. முழங்கால் சவ்வு அறுந்துபோச்சு. நான் ஒரு பாட்டிக்குச் சோறு தீத்திக்கொண்டு போனிலை பாத்தனான். ஸ்ரெச்சரிலைதான் கொண்டு போனவை.

— எந்தக் கால்?

— இடது.

— எனக்குத் தெரியும். அவள் எப்பவும் இடக்காலிலைதான் வந்து விழுறது. போன வருசம் முழுக்க ரீவிக்குச் சொன்னனான், பிள்ளை, இடக்காலிலை விழாதை, விழாதை எண்டு. ஒப்பரேசன் செய்தவங்களோ?

— வெட்டித்தான் சரி செய்தது.

— பக்கத்திலை ஆர் நிண்டது?

— ஒருத்தரும் இல்லை.

— எனக்குச் சொல்லாமல்... நான் அவளைப் பெத்தவன் சிசிலி.

— அவள்தான் வேண்டாம் எண்டவள். "அப்பா சொன்னது மாதிரியே நடந்திட்டுது எண்டு சந்தோசப்படுவார், சொல்லாதேங்கோ" எண்டு அழுதாள்.

— சந்தோசப்படுவனோ? அப்பிடியோ என்னை நினைச்சிருக்கிறாள்?

— நீங்கள் சொன்னதைத்தான் அவள் கேட்டவள். ரீவிக்குச் சொன்னது அவளுக்குக் கேக்குமோ?

— ... போனைத் தாரும். இப்ப ஒகையோவிலை என்ன நேரம்? காலமை எண்டாலும் பரவாயில்லை. தாரும் சிசிலி.

— ஒகையோவுக்கு அடிச்சால் ஒருத்தரும் எடுக்காயினம்.

— ஏன்? சில்வெஸ்டர், நீ ஏன் திரும்பவும் கீழை பாக்கிறாய்?

— அண்ணை, நான் இண்டைக்கு டிஷ்ஷுக்கு எண்டு வரேல்லை. காலமை அக்கா கேட்டு டுசில்டோர்ஃப் எயார்போட்டுக்குப் போனனான்.

— இஞ்சேருங்கோ, உங்கடை பிள்ளை கீழை வானுக்கை ரெண்டு ஊன்றுகோலோடை இருக்கிறாள். படி ஏறி வரட்டும் எண்டனீங்கள், அது அவளாலை ஏலாது. நீங்கள்தான் இறங்கோணும்.