காருக்குக் கீழே படுக்கும் கணவர்

காருக்குக் கீழே படுத்து வேலை செய்யும் கணவரை என்ன சொல்லித் தடுப்பது? கிண்ணியாவிலிருந்து வந்த பஸ்ஸில் முன் இருக்கைப் பெண்கள் இருவர் கதைத்தார்கள்.

"அவர் காருக்குக் கீழ படுத்தா நான் ரெண்டு காலையும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருப்பன்."

"ஏன் அக்கா?"

"எங்கட வளவு கடற்கரை மணலெல்லே. ஜாக் புதைஞ்சா அவரை வெளிய இழுக்கத்தான்."

"நீங்க இழுக்க முதல் கார் விழுந்திடும்! பலகை போட்டு அதுக்கு மேல காரைத் தாங்கிற இரும்பு ஸ்டாண்ட் வைக்கச் சொல்லுங்கோ."

"அதுக்குப் பதிலா சீமெந்துக் கல் வச்சிருக்கிறார்."

"ஐயோ, அது பாரத்தில வெடிச்சிடும்!"

"ஓம், போன கிழமை ஒண்டு வெடிச்சது. அதுக்குப் பிறகுதான் காலைப் பிடிக்கிறன்."

துறைமுகத்தடியில் இறங்கி வீட்டுக்கு வந்தேன். என் கணவர் எங்கள் காருக்கு முட்டுக்கொடுக்க முற்றத்து மணலில் அதே மாதிரிக் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடு உள்ளே போய் இதை எழுதுகிறேன். அவர் கோபிக்காமல் கேட்கும்படி எப்படிச் சொல்லலாம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.