ஒன்பதில் வைத்த ரிலே

— "கனமான துணியெல்லாம் எந்த நேரத்துல போடுவீங்க?"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான்கா.

— அவ்வளவுதானா? முழுசா சொல்லு.

— முழுசாத்தான் சொல்றேன். சாயங்காலம்னு சொன்னேன்.

— எப்ப கேட்டாரு?

— நம்ம லாண்டரி மெஷின் மோட்டார் எரிஞ்சுபோய், எலக்ட்ரீஷியன் புதுசா காயில் கட்டிக் கொண்டுவந்து மாட்டினாரே, அன்னைக்கு. நீ பேங்குக்குப் போயிருந்த.

— நான் இல்லாத நேரமா பாத்துக் கேட்டிருக்காரு.

— ஐயோ அக்கா! எவ்வளவு லோடு வரும்னு தெரிஞ்சாத்தானே எந்த ரிலே போடறதுன்னு முடிவு பண்ண முடியும்?

— ரிலே! என்ன சரளமா வருது வாயில. போன வருஷம் வரைக்கும் ஒரு பல்பு மாட்ட என்னைக் கூப்பிட்டவ நீ.

— கத்துக்கிட்டேன். தப்பா?

— யாருகிட்ட கத்துக்கிட்டேங்கறதுதான் கேள்வி. சரி, அத விடு. இந்தா, இந்த டப்பாவைப் பிரி. அறுபத்து மூணு ஆம்பியர் பிரேக்கர். கடைக்காரரு சொன்னாரு, இதைப் போட்டா மலையே வந்தாலும் ட்ரிப் ஆகி விழாதுன்னு. மெஷினும் பாதியில நிக்காது, அந்த ஆளும் வாரத்துக்கு ரெண்டு தடவை பையைத் தூக்கிட்டு வரவேண்டாம்.

— விழறது பிரேக்கரே இல்லக்கா. அது செவுத்துல சும்மாதான் இருக்கு. விழறது ஸ்டார்ட்டருக்குள்ள இருக்கற ஓவர்லோடு ரிலே.

— ரெண்டும் ஒண்ணுதானே?

— இல்ல. பிரேக்கர் வயரைக் காப்பாத்தும். எங்கயாவது ஷார்ட் ஆனா பட்டுனு விழும். மோட்டார் கிளம்பும்போது ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும், அதுக்கெல்லாம் அது அசையக் கூடாது. ரிலே மோட்டாரைக் காப்பாத்தும். கொஞ்சம் கூடுதலா ரொம்ப நேரம் இழுத்தா சூடாகி, போதும்னு நிறுத்திடும். நீ வாங்கிட்டு வந்ததை மாட்டினா, நம்ம வயர் அதுக்கு முன்னாடி எரியும்.

— ஆஹா. இவ்வளவையும் ஒரே நாள்ல சொல்லிக் குடுத்தாரா, தவணை முறையிலயா?

— அவரு வேலை செய்யும்போது நின்னு பாத்தேன். கேட்டேன், சொன்னாரு.

— எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லையே. "நான் வந்து பாக்காம ரீசெட் பட்டனை அழுத்திடாதீங்க மேடம்." இதைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. நான் டீ போட்டுக் குடுத்தா ஆற விட்டுட்டு உக்காந்திருக்காரு. நீ தண்ணி குடுத்தா மடக்குனு குடிக்கறாரு.

— தாகம் எடுத்திருக்கும்.

— உங்க அத்தான் தவறிப்போனதுக்கப்புறம் என்னை யாருடி ஒரு கேள்வி கேட்டிருக்கா? இந்தப் போர்வைக்கு எவ்வளவு, அந்தப் பேன்ட்டுக்கு எவ்வளவு. விலை மட்டும்தான் கேப்பாங்க. உன்னைப் பாத்தா மட்டும் எல்லாருக்கும் கேள்வி வருது.

— துணி எப்ப போடுவீங்கன்னு கேட்டது ஒரு கேள்வியாக்கா?

— போன வாரம் எப்படி வந்தாரு பாத்தியா? இஸ்திரி போட்ட சட்டை! கிரீஸ்ல கைவிடற ஆளு மடிப்புக் கலையாம வர்றாரு. யாருக்காகவாம்?

— அந்தச் சட்டை நம்ம லாண்டரியில குடுத்து தேச்சதுதான்.

— யாரு தேச்சது?

— நீதான். காலர் நைஞ்சிருக்குன்னு சொல்லிக்கிட்டே ரெண்டு தடவை தேச்ச.

— அது அவரு சட்டைன்னு எனக்கெப்படித் தெரியும்? பேச்சை மாத்தாத. உன் நேரத்துல ஏன் ஒரு தடவைகூட மெஷின் நிக்கல?

— காலையில சட்டை பேன்ட்தானே போடறேன். ஹோட்டல் போர்வை, துண்டெல்லாம் சாயங்காலம் நீதான் போடற.

— இல்ல. நீ கிளம்பும்போது உள்ள எதையோ திருகி வெச்சுட்டுப் போற. என் நேரத்துல நிக்குது. நான் போன் பண்றேன். அவரு வர்றாரு. வந்ததும் நீ எங்க இருக்கன்னு கேக்கறாரு. நானென்ன குருடியா?

— வா, ஸ்டார்ட்டர் மூடியைத் திறந்தே பாத்துடலாம். இரு, மெயினை அணைச்சுக்கறேன். ம்... இந்தா, டார்ச்சைப் பிடி. இந்தச் சின்ன டயல் தெரியுதா? ஒம்போதுலேர்ந்து பதினாலு வரைக்கும் போட்டிருக்கு.

— முள்ளு ஒம்போதுல இருக்கு.

— ஒம்போதா? இருக்காதே. மோட்டார் தகட்டைப் படி.

— பதினோரு ஆம்பியர்.

— அப்ப இதையும் பதினொண்ணுல வெச்சிருக்கணும். சட்டைக்கு எட்டுதான் இழுக்கும். போர்வை நனைஞ்சா பதினொண்ணு வரைக்கும் போகும். ஒம்போதுல வெச்சா கொஞ்ச நேரத்துல நிக்கத்தான் செய்யும்.

— மாட்டினியா! கையும் களவுமா.

— நான் தொடலைக்கா, சத்தியமா. அந்தச் செவப்புப் புள்ளியைப் பாரு. டயலும் ரிலேயும் சேர்ற இடத்துல. யாராவது திருகியிருந்தா அது விரிசல் விட்டிருக்கும். வெச்ச மாதிரியே இருக்கு.

— என்ன அது, பெயின்டா?

— நெயில்பாலிஷ்.

— யாரோட நெயில்பாலிஷ்?

— என்னோடது. இருக்கான்னு கேட்டாரு, குடுத்தேன்.

— ஓஹோ.

— அக்கா, அடையாளம் வெக்க எல்லாரும் அதைத்தான்...

— பேசாத. அப்ப அவரேதான் ஒம்போதுல வெச்சிருக்காரு. நாலு நாளைக்கு ஒரு தடவை இங்க வர்றதுக்கு. உன்னைப் பாக்கறதுக்கு. அந்த போனை எடு. எடுன்னு சொல்றேன்ல. ஹலோ. லாண்டரியிலேர்ந்து பேசறேன். உடனே வாங்க. இல்ல, அதுவா நிக்கல. இன்னைக்கு நாங்களே நிறுத்தி வெச்சிருக்கோம்.

— என்னக்கா இது? அவரை அவமானப்படுத்தப் போறியா?

— உனக்கு வலிக்குதா?

— உனக்குத்தான் வலிக்குது. அவரு வர்றாருன்னா முகம் கழுவிட்டு வந்து நிக்கறது நீ. இப்பவும் புடவையை இழுத்து விட்டுக்கற.

— வாயை மூடு. வண்டிச் சத்தம் கேக்குது.

— என்ன மேடம், நாங்களே நிறுத்தினோம்னு சொன்னீங்க? சின்ன மேடமும் இருக்காங்களா? சரி, ஓட்டிப் பாத்துடலாம்.

— பையைக் கீழ வெக்க வேண்டாம். நீங்களே பாருங்க. எதுல இருக்கு?

— ஒம்போதுல.

— எதுல இருக்கணும்?

— பதினொண்ணுல.

— தெரியாம வெச்சதா?

— இல்ல மேடம். தெரிஞ்சுதான் வெச்சேன். குறைச்சு வெச்சா மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. கூட்டி வெச்சாத்தான் எரியும்.

— என் வேலை நிக்குதே, அது பரவாயில்லையா? ஈரத்துணியோட நான் நிக்கறேனே?

— தப்புதான் மேடம்.

— யாருக்காக வெச்சீங்கன்னு எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அதான் சொல்றேன். சரியா திருகி வெச்சுட்டுக் கிளம்புங்க. இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்.

— தெரிஞ்சுதான் சொல்றீங்களா மேடம்?

— தெரிஞ்சுதான் சொல்றேன்.

— சரிங்க. சின்ன மேடம், அந்தச் சின்ன திருப்புளியைக் குடுங்க. பதினொண்ணு. வெச்சாச்சு. அந்த பெரிய பிரேக்கரைக் கடையில திருப்பிக் குடுத்துடுங்க, இருக்கறதே போதும். மூணு பேஸ் கரண்ட்ல ஒண்ணு போச்சுன்னா மோட்டாரை நிறுத்தறதுக்கும் ஒண்ணு மாட்டியிருக்கேன். போன தடவை எரிஞ்ச மாதிரி இனிமே எரியாது. மெயினைப் போடுங்க. ஓடுது பாருங்க. சத்தம் சுத்தமா இருக்கு. இனி நிக்காது மேடம். என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது. வரேன்.

— போயாச்சு. அப்பாடா! நீ எதுக்குடி அழற? அவரு போறாரேன்னா?

— அன்னைக்கு அவரு கேட்டது ஒரு கேள்வி மட்டும் இல்லக்கா.

— என்ன?

— "கனமான துணியெல்லாம் எந்த நேரத்துல போடுவீங்க?"ன்னு கேட்டாரு. சாயங்காலம்னு சொன்னேன். "அப்ப மெஷின்கிட்ட யாரு நிப்பாங்க?"ன்னு கேட்டாரு.

— நீ என்ன சொன்ன?

— அக்கான்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் நெயில்பாலிஷ் கேட்டாரு.

— ஏன்டி... ஏன்டி இதை அப்பவே சொல்லல? இப்ப அவரு இங்க நிக்கும்போதாவது சொல்லியிருக்கலாமேடி!

— ஏன், பொறாமை உனக்கு மட்டும்தான் வரணுமா? ரிலே, பிரேக்கர்னு பக்கத்துல நின்னு எல்லாம் கத்துக்கிட்டேன். தினமும் காலையில நனைச்ச சட்டையை அள்ளி அள்ளித் திணிச்சேன், என் நேரத்துல ஒரு தடவையாவது நிக்கட்டும்னு. நிக்கவே இல்லக்கா. அக்கா? எங்க போற? ஏதாவது சொல்லிட்டுப் போ. திட்டிட்டாவது போ. அக்கா, செருப்பு இங்க கெடக்கு! சரி, போ. அவரு வண்டி இன்னும் தெருமுனைகூட தாண்டியிருக்காது. மெஷினை நான் பாத்துக்கறேன். இனிமே அது நிக்காது.