பின்கதவு வைக்காத கப்பல்

— போச்சும்மா! ஒரே குண்டு. ஆகாசத்துலயே கப்பல் சுக்கு நூறாப் போச்சு. இந்த வாரமும் எட்டுப் பேரும் செத்துட்டாங்க.

— சென்றாயண்ணாச்சி, சத்தம் போடாதீய. பக்கத்துச் சீட்டுல ஒருத்தர் வேலைக்கு பயோடேட்டா அடிச்சிக்கிட்டிருக்காரு.

— சத்தம் போடாம என்ன பண்ணச் சொல்ற ஜோதிமணி? மூணு ஞாயித்துக்கிழமையா உக்காந்து கட்டுனது. செங்கல் வைக்கற மாதிரி கட்டம் கட்டமா வச்சன். சுத்தி ரெட்டைக் கவசம். எதிரி கப்பலைப் பாரு, தகர டப்பா. அது என்னை ஒரே அடியில தூக்கிடுது!

— நகருங்க, நான் பாக்கேன். நெட் சென்டர் நடத்துதவ நானு, இந்த விளையாட்டை எனக்கே நீங்கதான காட்டித் தந்தீய. இதென்ன, ஒவ்வொரு வரிசை முடியிற இடத்துலயும் ரெண்டு கறுப்புக் கட்டம்?

— அது பழக்க தோஷம். வெல்டு அடிச்சு முடிக்கறப்ப கடைசியில ரெண்டு பொட்டு வைப்பன். எங்கூட்டு அடுப்பு ஸ்டாண்டுல இருந்து கம்பெனி கேட்டு வரைக்கும், என் கைவேலைன்னா ரெண்டு பொட்டு இருக்கும். நான் பேரெழுதக் கத்துக்கிட்டதே நாப்பது வயசுல. அதுவரைக்கும் அதான் என் கையெழுத்து.

— சரி, எரிபொருள் கட்டத்தை எல்லாம் வாசல்ல எதுக்கு அடுக்கியிருக்கீய? குண்டு சரியா அங்கனதான் வந்து விழுது.

— வேற எங்க வைக்கறது? எங்க பெயிண்ட் ஷெட்டுல பெயிண்ட்ல கலக்கற தின்னர் டிரம்மு, பெட்ரோலாட்டம் பத்திக்கறது, வாசல்லதான் இருக்குது. எனக்கு ராக்கெட்டைப் பத்தி என்னா தெரியும்? தெரிஞ்ச ஷெட்டை அப்படியே கட்டுனன். காலடியில அளந்து பாத்துக் கட்டுனதும்மா.

— அப்ப உள்ள ஓடுத எட்டுப் பச்சைப் புள்ளி?

— பெயிண்ட் அடிக்கற எட்டுப் பொம்பளைங்க. அந்த ஓரத்துல இருக்கறது எங்கூட்டு நிர்மலா.

— நல்லாருக்கே அண்ணாச்சி! பொண்டாட்டியை வாராவாரம் காசு குடுத்து வந்து கொளுத்துதீய.

— வாயைக் கழுவு. வெளையாட்டுதானே.

— சும்மா இருங்க, இங்க பாருங்க. தீப்பிடிச்சதும் எட்டும் பின்பக்கந்தான் ஓடுது. அங்கன செவுரு. முட்டி முட்டி நிக்கி. ஒரு பின்கதவு வைங்க.

— கதவு வச்சா கவசம் கொறையும்.

— கொறையட்டும். சீக்கிரம் வைங்க, ரெண்டு மணிக்கு கரண்ட் போயிரும்.

— வச்சிட்டன். இந்தா, சண்டைக்கு விடறன்... விழுந்துச்சு பாரு குண்டு. அதே வாசல்தான். எரியுது. ஓடுறாங்க... ஒண்ணு, ரெண்டு... அஞ்சு... ஏழு... எட்டு. எட்டும் வெளிய வந்துட்டாங்க ஜோதி.

— பொழைச்சிட்டாவ! கப்பல் போனா என்ன, ஆளு மிஞ்சிச்சே. எண்ணே, என்ன இது? மொகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?

— ஷெட்டுல பின்கதவு இருந்துச்சும்மா.

— இருந்துச்சுன்னா?

— போன மாசம் அது வழியா தின்னர் திருட்டுப் போவுதுன்னு சூப்பர்வைசர் கத்திட்டு இருந்தாரு. நான்தான் வாயைக் குடுத்தன். எல்லாம் இந்தக் கேம்ல கத்துக்கிட்டது. "சார், கதவுன்னாலே ஓட்டை. இரும்பு பிளேட்டு வச்சு அடைச்சிட்டா அது கவசம்"னு. ஷெட்டைக் காலி பண்ணிக் குடுத்தாங்க. நானே வெல்டு அடிச்சு மூடுனன். முதுகுல தட்டிக் குடுத்தாரு.

— அடப்பாவி அண்ணாச்சி! நிர்மலாக்காவுக்குத் தெரியுமா?

— சொல்லல. "எந்தப் புண்ணியவானோ கதவை அடைச்சிட்டான், வாடையில மூச்சு முட்டுது"ன்னு சொல்லிச்சு. நான் தட்டுல இருந்த களியையே பாத்துட்டு இருந்தன்.

— சரி, பதறாதீய. இன்னிக்கு ஞாயிறு, ஷெட்டு லீவுதான?

— லீவு இல்லம்மா. அவசர ஆர்டருன்னு எட்டுப் பேரையும் வரச் சொல்லிட்டாங்க. பூபதி வேற அங்க இருக்கான், என்கூட வேலை செய்யற வெல்டரு. முன்வாசல் கதவு ஓடற ரெயிலு விட்டுப் போச்சு, அதை வெல்டு அடிச்சு ஒட்டணும்.

— வாசல்லயா? அந்த டிரம்முக்குப் பக்கத்துலயா வெல்டிங்கு?

— எனக்கு வந்த வேலை அது. கப்பல் கட்டணும்னு அவனை அனுப்பிட்டு நான் சூளகிரியில இருந்து பஸ் ஏறி இங்க வந்துட்டன்.

— கம்பெனி கேட்டு நம்பரைச் சொல்லுங்க. என் செல்லுல போடுதேன். சீக்கிரம் சொல்லுங்கய்யா!

— வாட்ச்மேன் நம்பரு டைரியில இருக்குது... இந்தா. அடி.

— அடிக்குது... எடுக்கல.

— மறுபடி போடு. ஐயோ, மறுபடி போடும்மா!

— எடுத்தாச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், பேசுங்க.

— கோவிந்தப்பா! கேட்டுலதானே இருக்கற? சென்றாயன் பேசறன். பெயிண்ட் ஷெட்டுல இருந்து எல்லாரையும் வெளிய வரச் சொல்லு! பூபதிய மிஷினை நிறுத்தச் சொல்லு!

— ஏனப்பா சென்றாயா, உள்ள யாரு இருக்காங்க வெளிய கூப்புட? எட்டுப் பேரும் காலையில இருந்து என் கண்ணு முன்னாடி சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்திருக்காங்க.

— என்னாச்சு? யாருக்கு என்னாச்சு?

— யாருக்கும் ஒண்ணும் ஆகலப்பா. வாசல்ல டிரம்மு, அங்கயே வெல்டிங்கு, பின்னால கதவும் இல்ல, செத்தாலும் உள்ள போகமாட்டோம்னுட்டாங்க. முன்ன நிக்கறது உன் சம்சாரம்தான். சூப்பர்வைசரு கும்பிட்டுப் பாத்தாரு, அசையல.

— நிர்மலாவா?

— பூபதி பாவம், டிரம்மை எல்லாம் தூரமா உருட்டிட்டு, பின்கதவை நானே அறுத்துத் தர்றன்னு வந்தான். அதுக்கும் விடல. அடைச்ச ஆளே வந்து அறுக்கணுமாம்.

— யாரு அடைச்சதுன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரா?

— அவரு எங்கப்பா வாயைத் தொறந்தாரு? "எங்கூட்டு அடுப்பு ஸ்டாண்டுல இருக்கற அதே ரெண்டு பொட்டு, அடைச்ச மறுநாளே பாத்துட்டன். அந்த மனுசன் தானா சொல்லுவாருன்னுதான் ஒரு மாசமா உள்ள போய் வேலை செஞ்சன்"னு உன் சம்சாரம் சொல்லுது.